சம்பந்தி வீட்டு ஆற்றங்கரை

இங்கிலாந்து போய் வந்தவர்கள் எல்லாரும் அங்கே என்னென்ன சாப்பிட்டோம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு நாள் ஓர் ஆற்றங்கரையில் நடையாய் நடந்தேன். நீர்க்கோழி பார்த்தேன், மீன்கொத்தி பார்த்தேன், ஓர் எலியால் மானத்தை இழந்தேன். ஆனால் எந்த வீட்டைப் பார்க்கப் போனேனோ அந்த வீட்டில் ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் கௌரி தாம்பரத்தில் விலங்கியல் படித்துவிட்டு, உதவித்தொகை கிடைத்து, ஆற்றுத் தண்ணீரை ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்து போனாள். மூன்றாவது வருடம் ஒரு கடிதம் வந்தது. கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது, பெயர் ஆண்ட்ரூ, அவன் அப்பா ஓர் ஆற்றைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். 'நீங்க வந்து பாருங்கப்பா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். ஆனா பாக்காம சொல்லாதீங்க.' கேம்ப் ரோட்டில் என் ஹார்டுவேர் கடை மேஜையில் அந்தக் கடிதம் மூன்று நாள் எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது.

என் மச்சான் ஏழுமலைக்கு ஒரே சிரிப்பு. "ஆத்தைப் பாத்துக்கறது ஒரு வேலையா மாமா? நம்ம அடையாத்தைப் பாத்துக்க யாருனா கீறாங்களா?" என்றான். என் மனைவி கனகம் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பெட்டியில் முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்துக்கொண்டே சொன்னாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. மனசுக்குத் தோதா இருந்தா அவங்க வூட்ல சாப்பிடுங்க. இல்லன்னா கை நனைக்காதீங்க. சாப்ட்டுட்டு வந்து அப்புறமா வேணாம்னா அது பாவம்."

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால் இதுதான் முறை. சரி என்று வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சரி. காபியைத் தொடாமல் எழுந்தால் வேண்டாம். அதற்கு மேல் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், சேலையூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மே மாதக் கடைசியில், இந்த ஒரு சட்டத்தோடு நான் விமானம் ஏறினேன்.

வியாழக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டும். நானும் கௌரியும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்தது, போயே போய்விட்டது. கை காட்டினால்தான் நிற்குமாம். கௌரி எதிர்க்கடையில் ஏதோ வாங்கப் போயிருந்தாள், நான் ஜம்மென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கேம்ப் ரோட்டில் கை காட்டினாலும் நிற்காத பஸ்களையே பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. அதில் எங்களுக்கு முன்னால் இரண்டு வயதான அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "போன வாரம் இடுப்பு வலி, இந்த வாரம் வெயில், எதைத்தான் தாங்குவது?" என்றார். மற்றவர், "வெயில் நாளைக்குப் போய்விடும், கவலைப்படாதே" என்று தேற்றினார். நான் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டுப் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தேன். இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொல்லிவைத்தேன். நம்ம ஊரில் சொன்னால் டிரைவர் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்துக்கொள்வார்.

எனக்குக் கிராமத்தில் ஓர் அம்மாளின் வீட்டு மாடியில் வாடகை அறை. சம்பந்தி வீட்டில் தங்க மாட்டேன் என்று கௌரிக்குத் தெரியும். காலையில் ரொட்டியும் முட்டையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆண்ட்ரூவின் வீட்டுக்குப் போனோம். ஆற்றை ஒட்டிய செங்கல் வீடு. அப்பா ஃபிராங்க், ஆறடிக்கு மேல் உயரம், பேசுவதற்குக் காசு கேட்பார் போல அவ்வளவு மௌனம். அம்மா மார்கரெட் அதற்கு நேர்மாறு. கதவைத் திறந்ததிலிருந்து பேச்சுதான். பையன் ஒல்லியாக, காது சிவந்துபோய், "வணக்கம்" என்று கை கூப்பினான். கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

உட்கார்ந்த மறு நிமிடம் டீ வந்தது. வேண்டாம் என்றேன். கேக் வந்தது. வேண்டாம் என்றேன். தண்ணீராவது? அதுவும் வேண்டாம். மார்கரெட் முகம் விழுந்துவிட்டது. கௌரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பயணத்துல வயிறு சரியில்லை" என்று இங்கிலீஷில் அடித்துவிட்டாள். புறப்படும்போது வெந்நீர் ஊற்றிய ரப்பர் பை ஒன்றை மார்கரெட் என் கையில் கொடுத்து, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கச் சொன்னார். குளிருக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை ஃபிராங்க் ஆற்றைக் காட்டக் கூட்டிப்போனார். கௌரி மொழிபெயர்ப்பாளர். நானும் இங்கிலீஷ் படித்தவன்தான், கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவன்தான். ஆனால் அந்த மனுஷன் வார்த்தையைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினார். ஆற்றைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதுவா ஆறு? பாலாற்றின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் பாலாற்றில் மணல் இருக்கும், இதில் தண்ணீர் இருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட தண்ணீர்! அடியில் கிடக்கிற ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். பச்சைக் கொடிகள் தண்ணீருக்குள் நீளமாக ஆடின, அவற்றின் மேல் வெள்ளைப் பூ. நடுவில் ட்ரவுட் என்ற புள்ளி போட்ட மீன்கள், ஓட்டத்தை எதிர்த்து, இருந்த இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.

"இந்த மலையெல்லாம் சுண்ணாம்புப் பாறைப்பா. மழைத் தண்ணி உள்ள இறங்கி மாசக் கணக்கா வடிஞ்சு ஊத்தா வெளிய வருது. அதான் இவ்ளோ தெளிவு. வெயில் காலமோ பனிக் காலமோ, குளிர்ச்சி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்" என்றாள் கௌரி. இந்த மீனைப் பிடிக்கப் பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் பணம் கட்டி வருகிறார்களாம். பிடித்தபின் பலபேர் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். குழம்பு வைக்காத மீனை எதற்கையா மெனக்கெட்டுப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். கௌரி அதை மொழிபெயர்க்கவில்லை.

நடக்க நடக்க வேலிகள் வந்தன. ஒவ்வொரு வேலியிலும் ஏறி இறங்க மரப்படி. அது யாரோ ஒருவருடைய நிலம், ஆனால் பாதை ஊருக்குப் பொதுவாம், எவரும் நடக்கலாமாம். எனக்கு மனசே ஆறவில்லை. எங்கள் வயல்களை மனை போட்டு விற்றபோது இரண்டடி நடைபாதைக்காக என் பங்காளியோடு பேச்சை முறித்துக்கொண்டவன் நான். இங்கே நிலத்துக்காரரே எதிரில் வந்து, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

பறவைகள் விஷயத்தில்தான் எனக்கு நிம்மதி. நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த நீர்க்கோழி, சேலையூர் ஏரியில் ஆகாயத்தாமரைக்குள் ஓடுகிற அதே நீர்க்கோழி. நாரையும் அதே ஒற்றைக்கால் நாரைதான். குயில் மட்டும் வேறு, கடிகாரத்துக்குள்ளிருந்து கூவுவது போல இரண்டே சுரம். திடீரென்று ஃபிராங்க் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மூச்சுகூட விடவில்லை. எதிர்க்கரைக் கிளையில் ஒரு நீல மீன்கொத்தி. இதைப் பார்க்கச் சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், உங்கள் அப்பா அதிர்ஷ்டக்காரர் என்று கௌரியிடம் கிசுகிசுத்தார். ஏரிக்கரை மின்கம்பியில் தினம் காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கடை திறக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஆகா!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. மீன்கொத்தி பறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிராமத்து டெலிபோன் கூண்டிலிருந்து கனகத்தைக் கூப்பிட்டேன். "டீ மட்டும் குடிக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"டீயும் கை நனைக்கறதுதான். பையன் எப்படி?"

"பையனை எங்க பாத்தேன்? அவங்கப்பன் கூடத்தான் நடந்துனு கீறேன்."

"அப்ப இன்னும் நடங்க" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஆற்றின் மேல் பூச்சிகள் கிளம்பின. ஆயிரம், பத்தாயிரம் என்று தண்ணீரிலிருந்து எழும்பி, கண்ணாடிச் சிறகோடு மேலும் கீழும் ஆடின. மீன்கள் பொளக் பொளக்கென்று துள்ளி விழுங்கின. சிறகு முளைத்தபின் ஓரிரு நாள்தான் ஆயுசாம். நம்ம ஈசலுக்குச் சொந்தக்காரன் போலிருக்கிறது என்றேன். எங்கள் ஊரில் மழைக்குப் பின் வருகிற ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து சாப்பிடுவோம், வெகு ருசி என்றும் சொன்னேன். கௌரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஃபிராங்க் யோசித்தார். பிறகு, "மீன்களும் அதைத்தான் சொல்கின்றன" என்றார். அந்த மனுஷன் தமாஷும் பேசுவார் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தப் பிடிப்பிலேயே நான் வாலை ஒட்ட நறுக்கிக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

கரையில் ஒரு வளை. அதன் வாசலில் கொழுகொழுவென்று பழுப்பு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பெருச்சாளி! என் கடை குடோனில் சாக்கைக் கிழித்து, ஒயரைக் கடித்து, என்னைப் பதினைந்து வருஷமாக ஆட்டிப்படைக்கிற ஜாதி. யோசிக்கவே இல்லை. கை தானாகக் கீழே போய் ஒரு மண்கட்டியை எடுத்தது, தானாக எறிந்தது. குறி தவறிப் பக்கத்தில் விழுந்தது. அது பொளக்கென்று தண்ணீருக்குள் குதித்து மறைந்தது. ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். ஃபிராங்கின் முகம் வெளிறிக் கிடந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியாக முன்னால் நடந்து போய்விட்டார்.

"அது நீர் எலிப்பா!" என்றாள் கௌரி. "யாருக்கும் எந்தத் தொந்தரவும் பண்ணாது. புல்லு தின்னுட்டு கெடக்கும். அது இந்தக் கரைல இருக்கணும்னு அவரு எவ்ளோ பாடுபடறார் தெரியுமா? நீங்க என்னடான்னா..."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எலி எலி மாதிரிதானே கீது!"

"நீங்க அவங்களப் பாக்க வந்தீங்கப்பா. இப்ப அவங்க உங்களப் பாத்துட்டாங்க. டீ குடிக்காத மனுஷன், எலியை அடிக்கிற மனுஷன். நாளைக்கு அவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதோ தராசு என் கையில் மட்டும் இருப்பதாக நினைத்து மிடுக்காக நடந்துகொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவன் நான்தான் என்பது மறந்தே போயிருந்தது. அறைக்கு வந்து முறுக்கைக் கடித்தேன், இறங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மதமோ நிறமோ அல்ல என் பயம். அவள் இங்கேயே தங்கிவிடுவாள், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து பெட்டியைப் பிரித்துப் பத்து நாளில் திரும்ப மூடுவாள். அந்தப் பயத்தில்தான் மூன்று நாளாக அந்த வீட்டில் ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்த ஒரே குறை நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எனக்குப் பஸ். பத்தரை மணிவாக்கில் கௌரியைக் கூப்பிடாமல் நானே ஆற்றங்கரைக்குப் போனேன். ஃபிராங்க் மதகடியில் இருந்தார். ஆமாம், மதகேதான். மரச்சட்டத்தில் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகித் தண்ணீரைத் தேக்கும் மதகு. சேலையூர் ஏரியில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் திறந்தது இப்படித்தான். "சாரி. எலி. என் தப்பு" என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில். அவர் தலையை ஆட்டிவிட்டு, சைகையில் தன்னோடு உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். இருமல் வந்தபோதுகூட மப்ளரை வாயில் திணித்துக்கொண்டேன். கடைசியில் எதிர்க்கரையில் அது வந்தது. ஒரு தண்டைக் கடித்து எடுத்து, இரண்டு முன்னங்கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை கரும்பு தின்பது போல நறநறவென்று தின்றது. மூக்கு மழுங்கல், காது இருக்கிற இடமே தெரியவில்லை. பெருச்சாளிக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபிராங்க் என்னைப் பார்த்து, முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

பிறகு அவர் மதகில் ஒரு பலகையை எடுக்க எழுந்தார். நானும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் பிடித்தேன். ஊறிப்போன பலகையை ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் வராது. அது எனக்குத் தெரியும் என்று பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் பலகை வெளியே வந்ததும் ஒரு கையால் தூக்கிக் காட்டினேன், வழுக்கி விழுந்து மதகுக்குக் கீழே மிதந்தது. எடுத்துவிடலாம், அடியில் கல்லெல்லாம் பளிச்சென்று தெரிகிறதே. எங்கள் ஏரியில் அடி தெரிந்தால் முழங்கால் தண்ணீர் என்று அர்த்தம், ஆழமான இடம் கலங்கல்தான். ஃபிராங்க், "நோ, நோ!" என்று கத்தியது காதில் விழுவதற்குள் நான் வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேண்டைச் சுருட்டிவிட்டு, ஷூவோடேயே காலை வைத்துவிட்டேன்.

கழுத்து வரைக்கும் போனேன். ஐயோ, அந்தக் குளிர்! உயிர் உச்சந்தலைக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. கத்தக்கூட வாய் திறக்கவில்லை. யாரோ தடாலென்று பக்கத்தில் குதித்தது தெரிந்தது. எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த ஆண்ட்ரூ. அவன் கீழிருந்து தள்ள, ஃபிராங்க் மேலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, மூட்டை போலக் கரையேறினேன். பலகையும் வந்தது, அதை நான் விடவில்லை.

வீட்டுக்குள் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றி உட்கார வைத்தார்கள். பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. தானும் சொட்டச் சொட்ட நனைந்திருந்த ஆண்ட்ரூ தரையில் மண்டியிட்டு, என் ஷூ லேஸை அவிழ்த்தான். ஊறிப்போன முடிச்சை நகத்தால் நெம்பிப் பொறுமையாக அவிழ்த்தான். சாக்ஸை உருவினான். துண்டை எடுத்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்தான், சூடு வரும்வரை தேய்த்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. காலைத் தொட்டால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. குளிர்கிற காலை ஒருவன் துடைத்தான், அவ்வளவுதான்.

மார்கரெட் என் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார். உருளைக்கிழங்கும் வெங்காயத்தாள் மாதிரி ஏதோ ஒன்றும் போட்ட சூப். ஆவி முகத்தில் அடித்தது. குடித்தேன். நம்ம கஞ்சி போலவே இருந்தது, மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம். மறுபடி குடித்தேன். பாதிக் கிண்ணம் காலியானபோது, செய்தி கேட்டு ஓடிவந்த கௌரி வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

"அப்பா..." என்றாள். அவள் கண் என் முகத்தில் இல்லை. கிண்ணத்தில் இருந்தது. "அப்பா, சாப்பிட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதட்டில் சூப் ஒட்டியிருந்தது. ஆண்ட்ரூ துண்டோடு அப்படியே அசையாமல் நின்றான், காது மறுபடி சிவந்துவிட்டது. கௌரி அவனிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருக்கிறாள், நான்கு நாளும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அந்தக் காதைப் பார்த்ததும் புரிந்தது. அடுப்பு சடசடவென்று எரிந்தது. குளிரில் தெரியாமல் குடித்துவிட்டேன், இது கணக்கில் வராது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்தான் தேவை. கௌரி அதற்காகவே பயந்து நின்றாள். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஏழு வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிடித்தது போல.

நான் மிச்சத்தையும் குடித்தேன். கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லும்மா" என்றேன்.

அவள் இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆண்ட்ரூதான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனான்.